கடைசியாக என்ன கொடுத்தீர்கள்

முதல் திகதியைக் கெடுத்தது உதயரூபன்தான். அதை அவனும் மறுத்ததில்லை.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மகள் கம்சாயினிக்கு அடிவயிற்றின் வலப்பக்கத்தில் குடல் இறங்கி வீங்கிய ஹேர்னியாவுக்கு ஒப்பரேசன் செய்ய நாள் குறித்திருந்தார்கள். காலையில் கொண்டுபோனால் பின்னேரமே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பாடும் பாலும் கூடாது, விடிய ஐந்து மணி வரை வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்கலாம் என்று கிளினிக் துண்டில் எழுதியிருந்தது. கேதீஸ்வரி அந்தத் துண்டை அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அவள் வவுணதீவில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. எதையும் எழுதி ஒட்டி வைப்பது அவள் பழக்கம்.

ஆஸ்பத்திரியில் அவள் பதிவு வரிசையில் நின்ற பத்து நிமிடத்துக்குள் பிள்ளை பசிக்குது என்று அழத் தொடங்கிவிட்டாள். உதயரூபன் எதிர்க்கடையில் பிஸ்கட் வாங்கி இரண்டைக் கையில் கொடுத்தான். நேர்ஸ் கேட்டபோது மறைக்காமல் சொல்லியும்விட்டான். வேறு திகதி தருவோம், போய்விட்டு வாருங்கள் என்றார்கள்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் பிள்ளையை நடுவில் இருத்திக்கொண்டு கேதீஸ்வரி பாலம் வரைக்கும் வாய் திறக்கவில்லை. பாலத்தில் ஏறியதும், "ரெண்டு பிஸ்கட்டுக்காக" என்றாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீட்டில் எந்தப் பேச்சும் அந்த இரண்டு பிஸ்கட்டில் வந்துதான் முடிந்தது. கறியில் உப்புக் கூடியதை அவன் சொன்னாலும் அதுதான். சைக்கிள் சாவியை அவன் தேடினாலும் அதுதான்.

தைப்பொங்கல் முடிந்து நாலாம் நாள் மத்தியானம் கம்சாயினி முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் அப்படியே குந்திவிட்டாள். வழக்கமாகப் படுக்க வைத்தால் உள்ளே போய்விடும் வீக்கம் அன்று போகவில்லை. கல்லுப் போல இறுகி நின்றது. பிள்ளை வாந்தி எடுத்தாள். உதயரூபன் வயல் வட்டைக்குள் நெல் வெட்டும் மெசினில் நின்றவன், மெசினை வயலுக்குள்ளேயே நிறுத்திவிட்டுச் சேறு பூசிய காலோடு ஓடி வந்தான். ஆஸ்பத்திரியில் நாலு பேர் பிள்ளையின் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, கடமையில் இருந்த டொக்டர் விரல்களால் அந்த வீக்கத்தை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினார். பிள்ளை போட்ட சத்தத்தில் கேதீஸ்வரி வெளியே ஓடிவிட்டாள். உதயரூபன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்த முறை உள்ள போயிட்டு" என்றார் டொக்டர். "அடுத்த முறை போகாட்டி குடலுக்கு ஆபத்து. இனிக் கிடைக்கிற திகதியத் தவற விட்டிராதீங்க."

புதிய திகதி மாசியில், ஒரு புதன்கிழமைக்குக் கிடைத்தது.

அந்த நாலு பேர் பிடித்த நாளுக்குப் பிறகு கம்சாயினி வயிற்றைத் தொடவே விடவில்லை. ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். எட்டு வருடமாக ஊர்ப் பிள்ளைகளின் அழுகையை நிறுத்தி வந்த கேதீஸ்வரிக்குச் சொந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"டவுனுக்குப் போய் ஐஸ்கிரீம் குடிப்பம் எண்டு சொல்லிக் கூட்டிப் போவம்" என்றாள் கணவனிடம்.

"வாசலக் கண்டதும் அவளுக்கு விளங்கிரும். மறுகா எங்க ரெண்டு பேரையும் நம்பமாட்டாள்."

"அப்ப என்ன சொல்லப் போறீங்க? வயித்த வெட்டப் போறாங்க எண்டா?"

"கேட்டா சொல்லத்தான் வேணும்."

"ரெண்டு பிஸ்கட் குடுத்த ஆள் எனக்குப் படிப்பிக்க வேணாம்."

அவன் எழும்பிப் போனான். ஆனால் இரண்டு நாள் கழித்துப் பின்னேரம், வைக்கோல் தூசி போகக் குளித்துவிட்டு வந்து வாசல் படியில் இருந்தவனிடம் பிள்ளை தானாகவே வந்து ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, என்ட வயித்த வெட்டுவாங்களா?"

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கேதீஸ்வரியின் கை நின்றது.

"ஓம் மகள். சின்னதா. உன்ட சுண்டு விரல் நீளத்துக்கு."

"நோகுமா?"

"வெட்டக்குள்ள நோகா. மருந்து தந்து உன்ன நித்திரையாக்கிருவாங்க. எழும்பினாப் பொறகு கொஞ்சம் நோகும். அதுக்கும் மருந்து தருவாங்க."

"அண்டைக்கு மாதிரி பிடிப்பாங்களா?"

"பிடிக்கத் தேவல்ல. நீ மூச்ச இழுத்து ஊதினாக் காணும்."

"நீங்க எங்க இரிப்பீங்க?"

"கதவுக்கு வெளியால. ஒண்டுக்குக் கூடப் போகமாட்டன்."

பிறகு, "பொய் இல்லையே?" என்றாள்.

"உனக்குப் பொய் சொல்லமாட்டன். நீயும் எனக்குச் சொல்லக்கூடா."

கேதீஸ்வரிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இரவு முழுக்கப் பிள்ளை நித்திரை கொள்ளாமல் கத்தப் போகிறாள் என்று காத்திருந்தாள். பிள்ளை எட்டரைக்கே நித்திரையாகிவிட்டாள். விடியும் வரை புரண்டு கிடந்தது கேதீஸ்வரிதான்.

மறுநாள் உதயரூபன் சந்தையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் புனல் வாங்கி வந்தான். அதைக் கவிழ்த்து மூக்கும் வாயும் மூடும்படி வைத்து மூச்சு விடுவது ஒரு விளையாட்டாயிற்று. கம்சாயினி தனக்கு வைத்தாள், தகப்பனுக்கு வைத்தாள், ஒன்றரை வயதுத் தம்பி தனோஜனுக்கு வைத்தாள், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் வைத்தாள். "அம்மாக்கும் வைக்கப் போறன்" என்று வந்தவளைக் கேதீஸ்வரி, "வேலை கிடக்கு மகள்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தப் புனல் கிடந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

அவள் தன் பங்குக்குத் தடிமனோடு சண்டை போட்டாள். இருமல் தடிமன் இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதனால் பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீர் இல்லை. முற்றத்தைப் பெருக்குமுன் தண்ணீர் தெளித்தாள். உதயரூபன் வயலால் வந்தால் கிணற்றடியில் குளித்து உடுப்பை மாற்றாமல் படி ஏறக்கூடாது. கடைசி வாரம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. பிள்ளை ஒருமுறை தும்மினால் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அப்போது மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கேதீஸ்வரியின் அக்கா மங்கையற்கரசி தேற்றாத்தீவிலிருந்து வந்தாள். தனோஜனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. எட்டு மணிக்குப் பிள்ளைக்குச் சோறும் கீரையும் முட்டையும் தீத்தினார்கள். உதயரூபன் அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை.

"நீங்க ஏன் பட்டினி கிடக்கிறீங்க?" என்றாள் மங்கையற்கரசி.

"அவளோட நானும் கிடக்கன், மச்சாள்" என்றான்.

புதன்கிழமை விடிய ஐந்து மணிக்கு அவன் சந்திக்குப் போனான். சுதாகரனின் ஆட்டோ ஐந்தரைக்கு வருவதாகப் பேச்சு. ஆனாலும் அவனுக்கு வீட்டில் நின்று காத்திருக்க முடியவில்லை. நேரில் போய்க் கூட்டி வருவதாகச் சொல்லிப் போனான். அக்கா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தனோஜன் பாலுக்குச் சிணுங்கியபடி பாயில் உருண்டான். கேதீஸ்வரி பால்மாவைக் கரைத்துக் கோப்பையில் ஊற்றி, ஆறட்டும் என்று மேசையில் வைத்துவிட்டு, கிளினிக் கொப்பியையும் பிள்ளையின் உடுப்பையும் பையில் அடுக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கம்சாயினி மேசையடியில் நின்றாள். நித்திரைக் கலக்கம் போகாத முகம். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

கேதீஸ்வரி பறிக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றுவிட்டது. பிள்ளையின் தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. ஒரு மிடறு, இன்னொன்று, இன்னொன்று. இரவெல்லாம் வெறும் வயிற்றோடு கிடந்து, இன்னும் எத்தனை மணித்தியாலம் அப்படியே கிடக்க வேண்டிய பிள்ளை. மூன்றாவது மிடறுக்குப் பிறகுதான் அவள் கை அசைந்தது. கோப்பையை வாங்கிப் பார்த்தாள். பாதிக்குக் கிட்டப் போயிருந்தது. சுவர் மணிக்கூட்டில் ஐந்து பத்து.

வெளியே ஆட்டோ வரும் சத்தம் கேட்டது.

கேதீஸ்வரி சேலைத் தலைப்பால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். குனிந்து, "அப்பாட்டச் சொல்லாத" என்றாள்.

பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆட்டோவில் உதயரூபன் பிள்ளையை மடியில் வைத்திருந்தான். வாவிக் காற்று குளிராக அடித்தது. பாலத்தில் ஏறும்போது கிழக்கே வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. கீழே தோணி ஒன்றில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். உதயரூபன் அதைப் பிள்ளைக்குக் காட்டினான். பிள்ளை பார்க்கவில்லை.

"பயமா இரிக்கா மகள்?"

தலையை ஆட்டினாள். ஆம் என்றா இல்லை என்றா என்று தெரியாத ஆட்டல்.

பாதிப் பால்தானே, அது இந்நேரம் செமித்திருக்கும் என்று கேதீஸ்வரி நினைத்தாள். ஒப்பரேசன் எப்படியும் எட்டுக்குப் பிறகுதான். இரண்டு பிஸ்கட்டும் அரைக் கோப்பைப் பாலும் ஒன்றா? பிஸ்கட் கட்டியான சாமான், பால் தண்ணி மாதிரி. துண்டில் பால் கூடாது என்று எழுதியிருந்ததை அவள்தான் ஒட்டி வைத்தாள். அவளுக்கு அது மனப்பாடம். திகதி இன்னொரு முறை போனால், அடுத்த திகதிக்கு முன் அந்தக் கல்லு வீக்கம் திரும்பி வந்தால் என்ன செய்வது? அதோடு இன்னொன்றும் நினைத்தாள். இதைச் சொன்னால் உதயரூபனின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

வாட்டில் நேர்ஸ் நோயாளர் துண்டை எழுதிக்கொண்டே கேட்டாள். "கடைசியா எப்ப சாப்பாடு குடுத்தீங்க? என்ன குடுத்தீங்க?"

"ராவு எட்டு மணிக்கு" என்றாள் கேதீஸ்வரி. "சோறு, கீரை, முட்டை."

"அதுக்குப் பொறகு?"

"ஒண்டும் இல்ல மிஸ்."

கம்சாயினி தாயைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். பிறகு தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

பச்சைச் சட்டை மாற்றினார்கள். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றும் வயர் போட்டபோது பிள்ளை அழுதாள், ஆனால் கையை இழுக்கவில்லை. உதயரூபன் சொல்லிக் கொடுத்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நேர்ஸ், "கெட்டிக்காரி" என்றாள். உதயரூபன் சம்மதப் படிவத்தை ஒவ்வொரு வரியாக வாசித்துக் கையெழுத்து வைத்தான்.

எட்டு மணியளவில் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்தார். இளம் பெண். தலையை மூடியிருந்த துணிக்கு மேல் தியேட்டர்த் தொப்பி. பெயர் டொக்டர் நிஸ்மியா என்று நேர்ஸ் சொன்னாள். பிள்ளையின் நெஞ்சைக் குழாய் வைத்துக் கேட்டார். வாயைத் திறக்கச் சொல்லி ஆடுகிற பல் இருக்கிறதா என்று பார்த்தார்.

"காலையில ஒண்டும் குடுக்கல்லத்தானே?"

"இல்ல டொக்டர்" என்று உதயரூபன் முந்திக்கொண்டான். போன முறை தலை குனிந்து நின்ற அதே வாட்டு. "தண்ணியும் குடுக்கல்ல. நானும் அவளோட சாப்பிடல்ல."

டொக்டர் சிரித்தார். "நல்லம். ஏன் திரும்பத் திரும்பக் கேக்கிறம் எண்டா, மயக்கத்தில தொண்டை தானா மூடாது. வயித்தில ஏதும் இருந்தா மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். பால், சோறு எதெண்டாலும். அது பெரிய ஆபத்து." பிறகு பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, "நீங்க ரெண்டாவது ஆள்" என்று சொல்லிப் போனார்.

பால் என்ற சொல் கேதீஸ்வரிக்குக் காதுக்குள் நின்றது. இப்போது சொல்லிவிடு என்று தனக்கே சொன்னாள். வாய் திறந்தது. உதயரூபன், "பாத்தியா, எல்லாம் சரியாப் போகுது" என்று மெல்லச் சொன்னான். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் அவளோடு பழைய மாதிரிப் பேசிய முதல் பேச்சு அது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எட்டு நாற்பதுக்கு ட்ரொலி வந்தது.

பிள்ளையைத் தூக்கி அதில் படுக்க வைத்தது உதயரூபன். அவளுடைய சிறிய ரப்பர்ச் செருப்பு இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் நடந்தான். மறுபக்கம் கேதீஸ்வரி. பிள்ளை தாயின் சுட்டு விரலைப் பிடித்திருந்தாள். விறாந்தை நீளமாகக் கிடந்தது. சில்லு ஒன்று கிறீச்சிட்டது. கேதீஸ்வரி பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டு நடந்தாள். காலையில் ஏறி இறங்கிய அந்த இடம்.

தியேட்டர்க் கதவு திறந்தது. ஊழியர், "பெற்றோர் இது வரைக்கும்தான்" என்றார்.

கேதீஸ்வரி ட்ரொலியின் கம்பியைப் பிடித்தாள்.

"நில்லுங்க" என்றாள். "கொண்டு போகாதீங்க."

"என்ன அம்மா, பயப்பட ஒண்டும் இல்ல" என்றார் ஊழியர்.

"பால் குடிச்சவள். விடிய அஞ்சு பத்துக்கு. தம்பிட பால்." அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான் கண்டன். நான்தான் பறிக்கல்ல."

ட்ரொலியில் கிடந்த கம்சாயினி தாயைப் பார்த்துக் கேட்டாள். "அம்மா, அப்பாட்டச் சொல்லக்கூடா எண்டீங்களே?"

உதயரூபன் கையில் செருப்போடு நின்றான். அவன் கேதீஸ்வரியைப் பார்க்கவில்லை. கதவை நிறைத்துக்கொண்டு நின்ற வெளிச்சத்தைப் பார்த்தான்.

டொக்டர் நிஸ்மியா வெளியே வந்தார். எவ்வளவு குடித்தாள், பால்மாவா, பசும்பாலா, சரியாக எத்தனை மணி என்று கேட்டார். கேதீஸ்வரி சொன்னாள். ஏச்சுக்காகக் காத்து நின்றாள்.

"பாலுக்கு ஆறு மணித்தியாலம் வேணும்" என்றார் டொக்டர். "இப்ப மூண்டரை மணித்தியாலம்தான். உள்ள போய் நான் மருந்து குடுத்தாப் பொறகு சொல்லியிருந்தா என்ன செய்வம்? இப்பயாவது சொன்னீங்க, அது காணும்." கடிகாரத்தைப் பார்த்தார். "இண்டைக்கு இவவக் கடைசி ஆக்கலாமா எண்டு சத்திரசிகிச்சை டொக்டரிட்டக் கேக்கன். பதினொண்டரைக்குப் பொறகுதான். ஆனா பன்னிரண்டரைக்கு மேல புது ஆள உள்ள எடுக்கமாட்டாங்க. அவசரக் கேஸ் ஏதும் வந்தா, ஏலாமப் போகும். நான் வாக்குத் தரமாட்டன்."

ட்ரொலி திரும்பியது. அதே சில்லு கிறீச்சிட்டது.

கட்டிலில் பிள்ளையைக் கிடத்தியதும் உதயரூபன் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே சோடியாக வைத்துவிட்டு விறாந்தைக்குப் போய்விட்டான். கேதீஸ்வரி பிள்ளையின் தலையைத் தடவியபடி இருந்தாள். ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. நேர்ஸ் வந்து சேலைன் பூட்டினாள். பிள்ளை களைத்து நித்திரையானதும் கேதீஸ்வரி எழும்பி வெளியே போனாள்.

அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"ஏசுங்க" என்றாள்.

"பால் குடிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல" என்றான் அவன். "அண்டைக்கு நான் பிஸ்கட் குடுத்தது அவள் அழுததுக்கு இல்ல கேதி. என்னால பாத்துக்கொண்டு நிக்க ஏலாமப் போயிட்டு. உனக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும். அது எனக்கு விளங்குது." சுவரிலிருந்து நிமிர்ந்தான். "அவளிட்ட என்னத்துக்கு அப்பாட்டச் சொல்லாத எண்ட? ஒரு மாசமா நான் அவளுக்கு என்ன சொல்லிக்கொண்டு வாறன்?"

"உங்களுக்குப் பயந்துதான்."

"நான் என்ன செஞ்சிருப்பன்?"

"ரெண்டு பிஸ்கட்டுக்கு நான் உங்கள என்ன பாடு படுத்தினன். அதெல்லாத்தையும் எனக்குத் திருப்பித் தருவீங்க எண்டு."

"தந்திருப்பன்" என்றான். "இண்டைக்கு இல்ல. ஆனா ஒரு நாளைக்குத் தந்திருப்பன்."

அவளுக்கு அழுகை வந்தது. அவன் அவளைத் தொடவில்லை, விலகவும் இல்லை. விறாந்தையில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"உள்ள போ" என்றான் சிறிது நேரத்தில். "எழும்பினா அவளுக்கு நீதான் சொல்லவேணும். நான் சொல்லி வேலை இல்ல."

கம்சாயினி பத்தரைக்கு விழித்தாள். தண்ணீர் கேட்டாள். இல்லை என்றதும் அழுதாள். கேதீஸ்வரி கட்டில் விளிம்பில் இருந்து, பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னாள்.

"மகள், காலையில அம்மா பிழை செஞ்சிட்டன். பால் குடிச்சத டொக்டருக்கும் அப்பாக்கும் சொல்லியிருக்கணும். உன்னையும் சொல்லாத எண்டது அத விடப் பெரிய பிழை."

"அப்ப நான் அப்பாட்டச் சொல்லலாமா?"

"சொல்லு."

பிள்ளை உதயரூபனைக் கூப்பிட்டாள். "அப்பா, நான் தம்பிட பாலக் குடிச்சன். அம்மா பாத்துக்கொண்டு நிண்டவ."

"ஓம் மகள். தெரியும்."

"எனக்குப் பசிச்சது."

"தெரியும்."

பதினொன்றரை ஆனது. யாரும் வரவில்லை. பதினொன்று ஐம்பதுக்குக் கீழே அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு ட்ரொலியை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீதி விபத்து என்று யாரோ சொன்னார்கள். உதயரூபன் கேதீஸ்வரியைப் பார்த்தான். அவள் வாட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு. பன்னிரண்டு பத்து. எங்கேயோ ஒருவன் உடைந்து கிடக்க, அவன் சுணங்காமல் தியேட்டரை விட்டு வெளியே வரவேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பதை உணர்ந்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டினாள்.

பன்னிரண்டு இருபதுக்கு நேர்ஸ் கதவில் தலையை நீட்டினாள். "கம்சாயினி. அந்த ஆள மற்றத் தியேட்டருக்கு எடுத்திட்டாங்க. கெதியா வாங்க. டொக்டர் சொன்னவ, மருந்து குடுக்கிற வரைக்கும் ஒராள் கூட நிக்கலாமாம்."

உதயரூபன் முன்னால் வந்தான். ஒரு மாதமாகப் பழக்கியவன் அவன்.

"அம்மா வரட்டும்" என்றாள் கம்சாயினி.

"ஏன் மகள்?"

"அம்மாக்குத்தான் பயம்."

கேதீஸ்வரிக்கு ஒரு நீல அங்கியும் தொப்பியும் கொடுத்தார்கள். உள்ளே குளிர் எலும்பில் பட்டது. பெரிய விளக்கு, பச்சைத் துணிகள், கண் மட்டும் தெரியும் முகங்கள். டொக்டர் நிஸ்மியா முகத்தில் வைக்கும், கண்ணாடி போன்ற ஒரு மூடியைக் கையில் எடுத்தார். கம்சாயினி அதைப் பார்த்ததும் தாயிடம் சொன்னாள். "இது புனல் மாதிரித்தான் அம்மா. நீங்கதான் விளையாட வரல்லையே. இழுத்து ஊதணும்."

"காட்டு பாப்பம்."

பிள்ளை மூடிக்குள் இழுத்தாள், ஊதினாள். கண் தாயின் மேலேயே இருந்தது. "எண்ணு மகள்" என்றாள் கேதீஸ்வரி. மூடிக்குள் ஒன்று, இரண்டு என்று மங்கலாகக் கேட்டது. ஆறு என்றது பாதியில் நின்றது. கண்மணிகள் மேலே செருகின. தாயின் விரலைப் பிடித்திருந்த கை, யாரோ அவிழ்த்துவிட்டது போல விழுந்தது.

"இது இப்பிடித்தான் இரிக்கும்" என்றார் டொக்டர், பிள்ளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க போங்க."

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கதவுக்கு வெளியே உதயரூபன் நின்றான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

ஐம்பது நிமிடம். இடையில் ஒருமுறை கதவு திறந்து ஒரு நேர்ஸ் வேகமாகப் போனாள். இருவரும் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தார்கள். அவள் திரும்பி வரும்போது கையில் ஒரு போர்வை மட்டும் இருந்தது.

ஒன்றே காலுக்குப் பிறகு டொக்டர் நிஸ்மியா மூக்குத் துணியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "முடிஞ்சிட்டு. ஒரு பிரச்சினையும் இல்ல. எழும்பிட்டா, கோவமா இரிக்கா."

உதயரூபன் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். பதினேழு மணித்தியாலமாக அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை. கேதீஸ்வரி ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு பிளேன்ரீ வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

கம்சாயினி உண்மையில் கோபமாகத்தான் இருந்தாள். குரல் கரகரத்தது. ஒருமுறை வாந்தி எடுத்தாள், மஞ்சள் தண்ணீர் மட்டும். வயிற்றில் ஒட்டியிருந்த வெள்ளைத் துணியைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். மூன்று மணிக்குத் தண்ணீர் குடித்தாள். நாலு மணிக்குச் சிறுநீர் போனதும்தான் வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு எழுதினார்கள். நேர்ஸ் மருந்தையும் கவனிக்க வேண்டியதையும் சொன்னபோது இருவரும் ஒன்றாகக் குனிந்து கேட்டார்கள். காய்ச்சல் வந்தால், காயத்தில் இரத்தம் கசிந்தால், வாந்தி நிற்காவிட்டால் உடனே கொண்டுவர வேண்டும்.

"நீ ஒருக்காச் சொல்லு" என்றான் உதயரூபன், ஆட்டோவில் ஏறிய பிறகு. அவள் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான்.

பிள்ளை இருவர் மடியிலும் நீளமாகக் கிடந்தாள். தலை தாயின் மடியில், கால் தகப்பன் மடியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் உதயரூபன், "மெல்ல, சுதாகரன்" என்றான். சுதாகரன் ஏற்கனவே நடைபாதையில் போகிறவர்கள் முந்திப் போகும் வேகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். பாலம் தாண்டியதும் பிள்ளை அசையாமல் நித்திரையானாள். கேதீஸ்வரிக்குப் பயம் வந்து அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். சூடாக மூச்சு வந்தது.

"வருதா?" என்றான் உதயரூபன்.

"வருது."

வவுணதீவுக்குத் திரும்பும் இடத்தில் மாடுகள் வீதியை மறித்துக்கொண்டு நின்றன. மேய்ச்சல் முடிந்து திரும்புகிற பெரிய பட்டி. சுதாகரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். சத்தம் நின்றதில் பிள்ளை கண்ணைத் திறந்தாள்.

"வீடு வந்திட்டா?"

"இல்ல மகள். மாடு போகுது."

"சோறு இரிக்கா?"

"பெரியம்மா ஆக்கி வெச்சிருப்பா" என்றாள் கேதீஸ்வரி. "போனதும் முதல்ல கஞ்சி. பொறகு சோறு."

"எவ்வளவு நேரத்துக்குப் பொறகு?"

கேதீஸ்வரி உதயரூபனைப் பார்த்தாள். நேர்ஸ் அதைச் சொல்லியிருக்கவில்லை. இருவருக்கும் தெரியவில்லை.

"தெரியா மகள்" என்றாள். "வீட்ட போய் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேப்பம்."

கடைசி மாடு வீதியை விட்டு இறங்கியது. சுதாகரன் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.